போறேன், பதினொரு மணிக்கு வருவேன்

பத்து இருபத்தாறு ஆகிவிட்டது, அப்பா இன்னும் கூப்பிடவில்லை. ஜீவிதா போனைக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்து வைத்தால் கூப்பிடுவது தெரியாது என்று நிமிர்த்தினாள். நிமிர்த்தினால் அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறோம் என்று மறுபடியும் கவிழ்த்தாள். கூப்பிட்டாலும் எடுக்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. எடுக்கவே போவதில்லை என்று முடிவான ஒரு போனுக்காக ஒருத்தி இப்படி உட்கார்ந்து காத்திருக்க வேண்டுமா என்று நினைக்க நினைக்க எரிச்சலாக வந்தது. அவள் உட்கார்ந்திருக்கும் பேக்கரிக்கு எதிர்க் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், நீலத் திரை தொங்கும் ஜன்னலுக்குப் பின்னால், மனநல ஆலோசகர் ரெபேக்கா மேடத்தின் அறையில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். அறுபத்தொரு வயது மனிதர். மகள் நாற்பது நிமிஷம் கண்ணில் படாமல், குரலும் கேட்காமல் இருந்தால் அதைத் தாங்கிக்கொள்ள அவருக்கு அங்கே பயிற்சி நடக்கிறது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். சொல்லியிருக்கிறாள், சிரித்தார்கள். அம்மாவின் தங்கை கோமதி சித்தி சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள், “அவரு உனக்கு அப்பாவா, இல்ல நீ பெத்த புள்ளையாடி?” அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று ஜீவிதாவுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தோன்றியது. அவளுக்குப் பதில்கள் எப்போதும் அப்படித்தான், கேட்டவர்கள் வீடு போய்ச் சேர்ந்த பிறகு வரும்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. ஆறட்டும். குடித்து முடித்துவிட்டால் மேசையைக் காலி செய்ய வேண்டும், அல்லது இன்னொன்று சொல்ல வேண்டும், இன்னொன்று சொல்ல டீ மாஸ்டரைக் கூப்பிட வேண்டும், அவரோ பாலை ஆற்றிக்கொண்டே யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார், அண்ணா என்று கூப்பிட்டால் குரல் அங்கே போய்ச் சேராது, சேரவில்லை என்றால் பக்கத்து மேசைக்காரர்தான் திரும்பிப் பார்ப்பார். ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கண்ணாடி டம்ளரை வைத்தாள். முதல் தடவை ஐந்து நிமிஷம் விட்டுப் பார்த்தார்கள். அவள் படிக்கட்டில் இறங்கி இரண்டாவது மாடிக்கு வருவதற்குள் போன் அடித்தது. அடுத்த வாரம் பத்து நிமிஷம், நான்கு தடவை அடித்தது. அதற்கடுத்து இருபது, பதினொரு தடவை. பன்னிரண்டாவது தடவை அவள் எடுத்துவிட்டாள். “என்னப்பா” என்று கேட்டதற்கு, “ஒண்ணும் இல்லம்மா, நீ எடுக்கறியான்னு பார்த்தேன்” என்றார். அன்றைக்கு ரெபேக்கா மேடம் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை, அந்தப் பொறுமையான குரலில் சொன்னார்: “பயம் ஏறும், ஜீவிதா. உச்சிக்குப் போகும். கொஞ்ச நேரம் அங்கயே நிக்கும். அப்புறம் தானா இறங்கும். ஒவ்வொரு தடவையும் நீங்க போய் இறக்கிவிட்டீங்கன்னா, தானா இறங்கும்ங்கறது அவருக்கு எப்பத் தெரியும்?” கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாகப் பேசுபவர்களிடம்தான் அவளுக்கு ஆத்திரம் வரும். அவர்கள் வீட்டில் பன்னிரண்டு தடவை போன் அடிப்பதில்லை.

இன்றைக்கு நாற்பது. பத்து இருபதுக்கு இறங்கி வந்தாள், பதினொரு மணிக்கு ஏறிப் போக வேண்டும். நடுவில் போனும் கிடையாது, முகமும் கிடையாது. இது நல்லபடியாக முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை ஓசூருக்குக் கிளம்பலாம் என்று மேடம் சொல்லியிருந்தார். திங்கள்கிழமை அங்கே ஒரு பால் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் அவள் வேலையில் சேர வேண்டும். நுண்ணுயிரியல் படித்து முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருந்த பிறகு வந்த வேலை. ஏற்கெனவே ஒரு தடவை தேதியைத் தள்ளிக் கேட்டாயிற்று, இனிமேல் தள்ள முடியாது என்று மெயில் வந்துவிட்டது. ஓசூர் விடுதி வார்டன் வேறு காலையில் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார், கட்டிலை இன்னொரு பொண்ணும் கேக்குது, பன்னண்டு மணிக்குள்ள சொல்லிடும்மா. ஆக, நாற்பது நிமிஷம். நாற்பது நிமிஷத்துக்குள் அப்பா கூப்பிட்டுவிட்டால் வேலை போயிற்று, கட்டில் போயிற்று, மறுபடி அந்தக் கூடத்து நாற்காலி, மறுபடி “எங்கம்மா கிளம்பற?”, தெருமுனை மளிகைக் கடைக்கு என்றால்கூட “எந்தக் கடை? எத்தனை நிமிஷம் ஆகும்?” எத்தனை நிமிஷம் என்று கேட்க அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மனிதர் இருபத்தொன்பது வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். மேசைமேல் பேரேடு, கையில் பேனா, வாயில் விசில். ஆயிரக்கணக்கான வண்டிகளை, அழுகிற குழந்தை உள்ளே, அழுகிற தாய் வெளியே என்று இருந்தாலும், நிமிஷம் பிசகாமல் ஊதி அனுப்பியவர். புதுமாப்பிள்ளை ஒருவன் மனைவி கையை ஜன்னல் வழியாக விடாமல் பிடித்துக்கொண்டு நின்றபோது, “சார், கையை விடுங்க, தொட்டியத்துல இருந்து வர்ற வண்டி பின்னாடி நிக்குது” என்று சொன்னதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தவர். அவருக்கா இது என்று பழைய கூட்டாளிகளும் கேட்கிறார்கள். அவருக்குத்தான்.

பத்து முப்பத்தொன்று. போனைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. நல்லது. நல்லதுதானே. மறுபக்கத்து மேசையில் குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு இரண்டு வயது இருக்கும், பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. வெளியே நிறுத்தியிருந்த ஸ்கூட்டியில் பையை மறந்துவிட்டாள் போல, அந்தப் பெண் எழுந்து வாசலுக்குப் போனாள். குழந்தை மெல்லுவதை நிறுத்திவிட்டது. அழவில்லை, கூப்பிடவில்லை, வாயில் இருந்ததை விழுங்கவும் இல்லை துப்பவும் இல்லை, அப்படியே வாயைத் திறந்தபடி வாசலைப் பார்த்தது. அவள் பையோடு திரும்பி வந்து உட்கார்ந்ததும் விட்ட இடத்திலிருந்து மெல்ல ஆரம்பித்தது. அந்தப் பெண்ணுக்கு நடந்தது எதுவும் தெரியாது. அப்பாவின் முகம் இதேதான். ஜீவிதா குளித்துவிட்டு வெளியே வரும்போது கூடத்தில் பேப்பரை விரித்துப் பிடித்திருப்பார், அதே பக்கம், அதே மடிப்பு. அவள் வந்ததும் பக்கத்தைப் புரட்டுவார். எத்தனை நாள் பார்த்திருக்கிறாள். இரண்டு வயதில் செய்தால் அது வளர்ச்சி, அறுபத்தொன்றில் செய்தால் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, பிரிவுப் பதற்றம். மேடம் ஒரு தாள் கொடுத்தார், இந்தப் பக்கம் குழந்தைகளுக்கு, அந்தப் பக்கம் பெரியவர்களுக்கு. குழந்தைகள் பக்கத்தில் ஒரு கங்காரு படம். பள்ளிக்கூட வாசலில் குழந்தைக்குத் தெரியாமல் நழுவிப் போகாதீர்கள். விடைபெறுவதைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே வார்த்தையைச் சொல்லுங்கள். எப்போது வருவீர்கள் என்று சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்கு வாருங்கள். அழுகிறதென்று பாதியில் திரும்பாதீர்கள். பெரியவர்கள் பக்கத்திலும் கிட்டத்தட்ட அதேதான், கங்காரு மட்டும் இல்லை.

அவளை முதன்முதலில் பள்ளிக்கூடத்தில் விட்டபோது அப்பா நழுவிப் போகவில்லை. போகவே இல்லை. மூன்று வாரம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்றார், காக்கிச் சட்டையோடு, டியூட்டிக்குப் போகும் வழியில். அவள் அழுதாள் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அழுததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பது ஒரு சிவப்பு மரக்குதிரை, அதன் மேல் ஏறிய சந்தோஷம், ஆடியபடி தலையைத் தூக்கினால் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அப்பாவின் முகம், அந்த முகத்தைப் பார்த்ததும் நாம் அழ வேண்டும் போலிருக்கிறது என்ற எண்ணம். அம்மா சொல்வாள், “புள்ள மறந்தாலும் நீங்க மறக்க விடமாட்டீங்க.” அம்மா இருந்தவரைக்கும் இது வேடிக்கையாகத்தான் இருந்தது. அம்மா திட்டுவாள், அவர் சிரிப்பார், கிளம்ப வேண்டியவர்கள் கிளம்புவார்கள். திட்டுகிறவள் இல்லாமல் போனதும் வீட்டில் யாராலும் கிளம்ப முடியவில்லை. அப்பா ஓய்வு பெற்றபின் அது இன்னும் மோசமாயிற்று. நாள் முழுக்க நிமிஷங்கள், அனுப்பிவைக்க ஒரு வண்டிகூட இல்லை.

பத்து முப்பத்தாறு. பதினாறு நிமிஷம். இதுவரை அவர் இரண்டு நிமிஷத்தைத் தாண்டியதே இல்லை. ஜீவிதா போனைக் கையில் எடுத்து டவர் இருக்கிறதா என்று பார்த்தாள், நான்கு கோடு இருந்தது. சத்தம் வைத்திருக்கிறோமா என்று பார்த்தாள், வைத்திருந்தாள். சிலசமயம் கோடு காட்டும், ஆனால் போன் வராது. யாரையாவது ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னால் தெரிந்துவிடும். யாரை. பக்கத்து மேசைக்காரர் ரஸ்க்கை டீயில் முக்கி, முக்கிய பாதி உள்ளே விழுந்துவிடாமல் தலையைச் சாய்த்து வாயில் வாங்கிக்கொண்டிருந்தார். அவரிடம் போய், சார், எனக்கு ஒரு போன் அடிக்க முடியுமா என்று கேட்பதை நினைத்தாலே காது சூடாயிற்று. தலையை ஜன்னல் பக்கம் திருப்பினாள். நீலத் திரை. அசையவில்லை. ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பேக்கரியில் ஏழு மேசை இருக்க, இந்தக் கால் ஆடுகிற மேசையில், அந்த ஜன்னல் தெரிகிற நாற்காலியில் வந்து உட்கார்ந்தது யார் என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். மின்விசிறிக் காற்றுக்காக என்று பதில் சொல்லிக்கொண்டாள். மின்விசிறி அடுத்த மேசைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது.

சொன்ன வார்த்தைதான் உறுத்தியது. இன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னாள். அதற்கு முந்தைய மூன்று தடவையும் வாய் தவறி “வரேன்பா” என்றுதான் வந்தது. யாருக்குத்தான் வராது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது போறேன் என்று யார் சொல்கிறார்கள். போகிறவள் வரேன் என்கிறாள், நிற்கிறவர்கள் வாம்மா என்கிறார்கள், ஊரே அப்படித்தான் பேசுகிறது, எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள். அப்பாவுக்கு மட்டும் அது புரியாமல் போய்விட்டது. தை மாதம் அவள் ஒரு நேர்காணலுக்காகச் சென்னைக்குப் போய்த் தோழி வீட்டில் தங்கியிருந்தாள். மத்தியானம் அப்பாவோடு பேசிவிட்டு, “சரிப்பா, வரேன்” என்று சொல்லிப் போனை வைத்தாள். சாயங்காலம் ஏழு மணிக்குக் கூப்பிட்டால் பின்னால் ஒரே ஹாரன் சத்தம். “எங்கப்பா இருக்கீங்க?” “பஸ் ஸ்டாண்டுலதான்மா. நீ எந்த வண்டில வர?” “நான் எங்க வரேன்?” “வரேன்னு சொன்னியே.” மத்தியானத்திலிருந்து நின்றிருக்கிறார். சென்னையிலிருந்து வந்த ஒவ்வொரு வண்டியிலும் ஏறி இறங்கியிருக்கிறார். இப்போதைய டைம் கீப்பர் பாவம் பார்த்து நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார். “ஆறு மணி நேரம் ஆகும்னு உங்களுக்குத் தெரியாதாப்பா? பன்னண்டரைக்கே போய் நின்னா?” என்று கத்தினாள். தோழியின் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினாள், பிறகு அந்த வீட்டில் இரண்டு வேளை தலைநிமிராமல் சாப்பிட்டாள். அப்பா சொன்னது ஒன்றுதான். “தெரியும்மா. ஆனா நீ வரேன்னு சொன்னியே.” அதற்கப்புறம்தான் இந்த மூன்றாவது மாடி. ரெபேக்கா மேடம் அந்தக் கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார், “அப்ப இனிமே வரேன் வேண்டாம். போறேன், இத்தனை மணிக்கு வருவேன். ரெண்டு பாதியையும் சொல்லணும். முதல் பாதியை முழுங்கக் கூடாது.”

முதல் பாதிதான் வீட்டில் சொல்லக் கூடாத வார்த்தை என்பது மேடத்துக்கு அப்போது தெரியாது. நான்கு வருஷமாக அந்த வீட்டில் யாரும் போறேன் என்று சொன்னதில்லை. பால் ஊற்றுகிற அண்ணன் ஒருநாள் “போறேன் சார்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார், அப்பா செருப்பு போடாமல் தெருமுனை வரைக்கும் ஓடி, வரேன்னு சொல்லிட்டுப் போங்க என்று நிறுத்தினார். கரண்ட் போச்சு என்று சொல்லமாட்டார், கரண்ட் இல்லை என்பார். பித்தப்பைக் கல்லுக்கு அறுவை சிகிச்சை, மூன்று நாளில் வந்துவிடலாம் என்றுதான் அம்மா ஆட்டோவில் ஏறினாள். அப்பா ஸ்கேன் எடுத்த கவரைத் தேடிக்கொண்டிருந்தார், பீரோ மேலே, டிவி பின்னாலே, அம்மா அது என் கையிலதான் இருக்கு என்று சொல்வதைக்கூடக் கேட்காமல். ஆட்டோக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். அம்மா “நான் போறேன்” என்றது அப்பாவின் காதில் விழுந்தது. மூன்றாம் நாள் அவள் வரவில்லை. நுரையீரலில் ரத்தக்கட்டி என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்பாவுக்கு அந்தத் தாளில் இருப்பது கண்ணில் படவே இல்லை. கோபத்துல சொல்லிட்டாம்மா, என்கிட்ட கோவிச்சுக்கிட்டுச் சொல்லிட்டா. எத்தனை தடவை சொல்லியிருப்பார். எத்தனை தடவை சொன்னாலும் ஜீவிதா பேசாமல் இருந்திருக்கிறாள். அம்மா கோபத்தில் சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. குளியலறைக் கதவைத் தட்டி, “ஜீவி, நான் போறேன்டி” என்றாள். ஜீவிதா தலையில் ஷாம்பு நுரையோடு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, உள்ளேயிருந்து “ம்” என்றாள். அவ்வளவுதான். மூன்று நாளில் வரப்போகிறவளுக்கு ஒரு ம் போதும் என்றுதான் இருந்தது. அப்பா அந்த வார்த்தையைத் தனக்கு என்று எடுத்துக்கொண்டார், எடுத்துக்கொள்ளட்டும் என்று இவள் விட்டுவிட்டாள், இன்றுவரை விட்டுவிட்டாள். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும். என்கிட்டதான் சொன்னாங்கப்பா, உங்ககிட்ட இல்ல என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும். நான்கு வருஷம் ஆகியிருக்கிறது.

இதெல்லாம் மூடத்தனம். ஒரு வார்த்தை போய் யாருடைய நுரையீரலிலும் அடைத்துக்கொள்ளாது. இரண்டு வருஷம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் படித்தவள் அவள், எது எதனால் வருகிறது என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள். ஆனாலும் இன்றைக்குக் காலையில் அந்த அறையில் எழுந்து நின்று, “அப்பா, நான் போறேன். பதினொரு மணிக்கு வருவேன்” என்று சொன்னபோது, பாதியில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்பா வரேன்னு சொல்லு என்று திருத்துவார் என்று எதிர்பார்த்தாள், திருத்தவில்லை. சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு, “சரிம்மா” என்றார். அந்தச் சரிம்மா சரியாக இல்லையே என்று படியிறங்கும்போதே நினைத்தாள். முகம் வெளுத்திருந்ததா, இல்லை டியூப்லைட்டா. காலையில் பிரஷர் மாத்திரை போட்டாரா. இட்லி மூன்று வைத்தால் இரண்டுதான் சாப்பிட்டார், மூன்றாவதைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார். பத்து நாற்பத்தைந்து. இருபத்தைந்து நிமிஷம் ஒரு தடவைகூட அடிக்காமல் இருக்க அந்த மனிதரால் முடியாது, அது அவளுக்குத் தெரியும், அவரைப் பற்றி அவளுக்குத் தெரியாதது என்ன. முடியாத ஒன்று நடக்கிறது என்றால் அங்கே வேறு ஏதோ நடந்திருக்கிறது. மயக்கம் போட்டு விழுந்திருந்தால் மேடம் கூப்பிட்டிருப்பார். மேடம் தண்ணீர் எடுக்க வெளியே போயிருந்தால். அவர் மட்டும் தனியாக இருந்திருந்தால். மேடத்திடம் தன் நம்பர் இருக்கிறதா, இல்லை முதல் நாள் எழுதிக்கொடுத்த படிவத்தில் அப்பா நம்பரையே இரண்டு இடத்திலும் எழுதிக்கொடுத்தோமா. கூப்பிட வேண்டும் என்றால் எதைக் கூப்பிடுவார், அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிற போனையா.

எழுந்தாள். உட்கார்ந்தாள். டீ மாஸ்டர் பார்த்தார். “இன்னொண்ணு போடவாம்மா?” என்று அவராகவே கேட்டார், அவள் வேண்டாம் என்று தலையாட்ட நினைத்து வேண்டும் என்று ஆட்டிவிட்டாள். இதோ, இன்னொரு டீ. நன்றாக இருக்கிறது. அப்பா மேலே எப்படி இருக்கிறாரோ, மகள் கீழே இரண்டாவது டீ குடிக்கிறாள். அவர்மேல் கோபமாக வந்தது. கூப்பிட்டுத் தொலைக்க வேண்டியதுதானே, நான்தான் எடுக்கமாட்டேனே, அடித்தால் இருக்கிறார் என்றாவது தெரியும். இத்தனை நாளும் அந்த அழைப்பு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, இருக்கிறேன், இருக்கிறேன் என்று, ஒரு நாளைக்கு முப்பது தடவை. அவள் அதைத் தொல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தொல்லைதான். கல்லூரியில் பிராக்டிகல் நடுவில் அடிக்கும், பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும்போது அடிக்கும், தோழிகள் பேச்சை நிறுத்திவிட்டு, “எடு, உங்க அப்பா ஆஜர்” என்பார்கள். அவள் சலித்துக்கொண்டு எடுப்பாள். ஒவ்வொரு தடவையும் எடுத்தாள். நான்கு வருஷத்தில் எடுக்காமல் விட்டது எத்தனை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். எடுக்காமல் விட்டால் என்ன செய்வாள். திருப்பிக் கூப்பிடுவாள். ஒரு நிமிஷத்துக்குள். பத்து ஐம்பத்தொன்று. இன்னும் ஒன்பது நிமிஷம்தான், ஒன்பது நிமிஷம் ஒரு பெரிய விஷயமே இல்லை, அவர் முப்பத்தொரு நிமிஷம் இருந்திருக்கிறார் என்றால், இருந்திருக்கிறார் என்றால். டீ வந்தது. ஆவி பறந்தது. ஆவி பறக்கிற டம்ளரைப் பார்த்துக்கொண்டே அவள் கை போனில் அப்பா என்ற பெயரை அழுத்திவிட்டது.

அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. முழுசாக அடித்து ஓய்ந்தது. அப்பா அவள் அழைப்பை எடுக்காமல் விட்டது இதுவரை நடந்ததே இல்லை. மறுபடியும் அழுத்தினாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள், இரண்டு மாடி, இல்லை மூன்று மாடி, லிஃப்டுக்கு நிற்கக் கூடாது, படியிலேயே போய்விடலாம். ஐந்தாவது மணியில் எடுத்தார்.

“என்னம்மா,” என்றார் அப்பா, பூஜை நடுவில் கூப்பிட்டவர்களிடம் பேசுவதுபோல் தணிந்த குரலில். “பத்து அம்பத்து மூணுதானே ஆகுது. இன்னும் ஏழு நிமிஷம் இருக்கே.”

“ஏன் எடுக்கல?”

“போன் மேடம் மேசைல இருக்கு. நானேதான் குடுத்தேன். இப்பக்கூட மேடம்தான், ரெண்டாவது தடவை அடிக்குது, எடுங்கன்னாங்க. என்ன ஆச்சு? விழுந்து கிழுந்து வெச்சியா?”

“இல்லப்பா.”

“வண்டி ஏதாவது இடிச்சுடுச்சா?”

“இல்ல. பேக்கரிலதான் இருக்கேன்.”

“அப்ப ஏன் கூப்பிட்ட?”

மின்விசிறி ஓடியது. பையின் வார் தோளிலிருந்து நழுவியது. “நீங்க எப்படி இருக்கீங்கன்னு...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

“நல்லாத்தான் இருந்தேன். நாலாவது நிமிஷத்துல பயம் ஏற ஆரம்பிச்சுது. பத்துக்கு எட்டுன்னு எழுதினேன். எட்டுலயே நிக்குது, நிக்குது, செத்தேன்னு நெனச்சேன். அப்புறம் ஆறு. இப்ப மூணு. மூணுன்னு எழுதிட்டு பேனாவ மூடறேன், நீ கூப்பிடற. மறுபடி ஏழு.” அப்பாவின் குரலில் குறைபட்டுக்கொள்ளும் தொனி இருந்தது. பின்னால் ரெபேக்கா மேடம் ஏதோ சொன்னார். அப்பா போனைத் தள்ளிப் பிடித்து, “என்ன மேடம்?” என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். “உனக்கு எத்தனைன்னு மேடம் கேக்கறாங்க.”

“எனக்கு ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணுன்னு எழுதிக்கட்டுமா?”

“அப்பா, வெளையாடாதீங்க.”

“நான் எங்க வெளையாடறேன். உன் பேருக்கும் ஒரு கட்டம் போட்டு வெச்சிருக்காங்க. சொல்லு.”

அவள் சுற்றிப் பார்த்தாள். ரஸ்க் சாப்பிட்டவர் போய்விட்டிருந்தார். யாரும் கேட்கவில்லை. “எட்டு,” என்றாள்.

தாளில் பேனா உரசுகிற சத்தம் கேட்டது. “முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமாம்,” என்றார் பிறகு. “ரெண்டு பேருக்கும். அம்பத்தஞ்சு ஆச்சு இப்ப. பதினொண்ணு முப்பத்தஞ்சுக்கு மேல வா. முன்னாடியும் வேண்டாம், பின்னாடியும் வேண்டாம். நடுவுல இந்த நம்பருக்கு அடிக்காத.” வண்டியை எடு என்று சொல்கிற குரல். அந்தக் குரலைக் கேட்டு நான்கு வருஷம் ஆகிறது. அவள் ஏதாவது சொல்வதற்குள் கட் ஆகிவிட்டது.

கட் ஆகவில்லை, கட் செய்திருக்கிறார். ஜீவிதா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். என்ன அவசரம். எட்டு என்று சொன்ன பெண்ணிடம் ஏன் எட்டு, எதற்கு எட்டு என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா. முப்பத்து மூன்று நிமிஷம் தாங்கிவிட்டாராம், எண்ணெல்லாம் போட்டு எழுதி வைத்திருக்கிறாராம், நான் கூப்பிட்டுக் கெடுத்துவிட்டேனாம். இத்தனை நாள் யார் யாரைக் கூப்பிட்டுக் கெடுத்தது. அவளுக்கு ஆத்திரத்தில் கண் கலங்கியது, பேக்கரியில் அழக் கூடாது என்பதற்காக டீயைக் குடித்தாள், நாக்கைச் சுட்டது. சுட்ட நாக்கோடு யோசித்துப் பார்த்தால் கோபம் அவர் கூப்பிட்டதற்கு இல்லை, கூப்பிடாமல் இருக்க முடிந்ததற்கு. எவ்வளவு கேவலமாக இருக்கிறது. இதற்குத்தானே இரண்டு மாசமாக இந்த மாடி ஏறி இறங்குகிறோம். வேலை வேண்டும், போக வேண்டும், ஆனால் போகும்போது அவர் வாசலில் துடித்துக்கொண்டு நிற்கவும் வேண்டும், இல்லையென்றால் யாரை விட்டுப் போகிறோம் என்று எப்படித் தெரியும். ஜன்னலில் நீலத் திரை இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்கலாம் என்று எதிர் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தாள். மேசை அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. இப்போது எதிரில் கண்ணாடிப் பெட்டியும் உள்ளே அடுக்கிய தேங்காய் பன்னும்தான். எட்டு. எட்டிலேயே நிற்கிறது. உச்சி என்று மேடம் சொன்னது இதுதானா, இதற்கு மேலும் இருக்கிறதா என்று தெரியவில்லை. பதினொன்று மூன்று. எட்டுதான். பதினொன்று ஆறு. நாக்கு எரிந்தது. பதினொன்று ஒன்பதுக்கு, எட்டுதானா என்று மனசுக்குள் தொட்டுப் பார்த்தாள், தொட்ட இடத்தில் எட்டு அவ்வளவு உறுதியாக இல்லை. ஏழு என்று சொல்லவும் மனம் வரவில்லை.

போனை எடுத்தாள். அப்பாவின் பெயரைத் தாண்டிக் கீழே போய் வார்டன் நம்பரை அழுத்தினாள். குரல் அனுப்பிவிடலாம், எழுதி அனுப்பிவிடலாம், நேரடியாகப் பேசுவதென்றால் முதல் வாக்கியத்தை மனப்பாடம் செய்ய வேண்டும். செய்வதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

“மேடம், நான் ஜீவிதா. திருச்சில இருந்து பேசறேன். அந்தக் கட்டில் எனக்கு வேணும்.”

“வேணுமா, சரி. ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குள்ள வந்துடணும். கூட யாரு வர்றா, அப்பாவா? சில பேரு அப்பா அம்மாவக் கூட்டிட்டு வந்து ரெண்டு நாள் பக்கத்துலயே இருக்கட்டும்னு கேப்பாங்க. அதெல்லாம் நமக்கு ஆகாது, முன்னாடியே சொல்லிடறேன்.”

அவளும் அதைத்தான் கேட்பதாக இருந்தாள். ஒரு வாரமாக அந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது, பக்கத்தில் ஏதாவது லாட்ஜ் இருக்கிறதா என்றுகூட. “யாரும் வரல, மேடம்,” என்றாள். “நான் மட்டும்தான்.”

“நல்லது. இன்னொண்ணு. இங்க எட்டு மணிக்கு மேல ரூம்ல போன் பேசக் கூடாது, மத்த புள்ளைங்க படிக்கும். போன வருஷம் ஒரு பொண்ணு இருந்துச்சு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை வீட்டுல இருந்து போன். உங்க அப்பா அந்த மாதிரி அடிக்கடி கூப்பிடுவாராம்மா?”

எந்தக் கேள்விக்கும் பதில் தாமதமாக வருகிற அவளுக்கு, இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான்கு வருஷமாகப் பதில் தயாராக இருந்தது. எத்தனை தடவை, எந்தெந்த மணிக்கு, எத்தனை மணி அடித்து ஓய்வார் என்பதுவரை. வாயைத் திறந்தாள்.

“தெரியல, மேடம்,” என்றாள்.